பேரன் கேட்கும் சிக்கன் நூடுல்ஸ் சூப்: கஞ்சியாகாமல் வைப்பது எப்படி?

அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்குத் திருமங்கலம் வந்திருக்கும் உங்கள் பேரனுக்குச் சளி. இட்லியும் வேண்டாம், ரசம் சாதமும் வேண்டாம், அங்கே வீட்டில் குடித்த சிக்கன் நூடுல்ஸ் சூப்தான் வேண்டும் என்கிறான். நீங்களும் பிராய்லர் நெஞ்சுக்கறியைக் குக்கரில் நான்கு விசில் விட்டு, அந்தத் தண்ணீரிலேயே பாக்கெட் நூடுல்ஸைப் போட்டுக் கொதிக்கவைத்திருக்கிறீர்கள். அது கலங்கிக் கஞ்சியாகி, சப்பென்று இருந்ததால் பையன் இரண்டு வாய்க்கு மேல் குடிக்கவில்லை. நாட்டுக்கோழியில் வைத்தால் சரியாகுமா, இது உண்மையிலேயே சளிக்கு மருந்தா என்று கேட்டிருக்கிறீர்கள். கோழியை மாற்றினால் சுவை கூடும், கஞ்சியாவது நிற்காது. நீங்கள் முதலில் மாற்றவேண்டியது அடுப்பின் வேகத்தையும், நூடுல்ஸ் சாற்றில் சேரும் நேரத்தையும்தான்.

மதுரையில் ஓட்டல் சமையலறைகளில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது கேட்டரிங் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். மேலைநாட்டுச் சமையலில் நான் முதலில் கற்றுக்கொடுப்பது இந்தத் தெளிந்த கோழிச்சாறுதான். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். சளி பிடித்தால் மிளகு தட்டிப்போட்ட நாட்டுக்கோழிச் சாற்றைக் குடித்து வளர்ந்தவர்கள் அவர்கள். எலும்பை எவ்வளவு நேரம் வேகவிடவேண்டும் என்பது கண்ணிலேயே இருக்கும். ஆனால் அஞ்சறைப்பெட்டியை மட்டும் அவர்களிடமிருந்து தள்ளிவைக்கவேண்டியிருக்கும். சீரகம், மல்லித்தூள், தக்காளி, தாளிப்பு எல்லாம் சேர்ந்தால் அது அருமையான சாறு, இந்த சூப் அல்ல. இதில் கோழியின் ருசி தனியாக முன்னால் வந்து நிற்கவேண்டும். மாலையில் வண்டிகளில் விற்கும், கார்ன்ஃப்ளவர் கரைத்து சோயா சாஸ் விட்ட சிக்கன் சூப்பும் வேறு வகை. பேரன் தேடுவது அதையும் அல்ல.

அடுப்பைப் பற்ற வைக்கும் முன் அவன் அம்மாவிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: அங்கே வீட்டில் வைப்பதா, டப்பாவில் வாங்குவதா? கேம்பெல் நிறுவனம் 1934ஆம் ஆண்டிலிருந்தே இதைத் தகர டப்பாவில் விற்கிறது. பல குழந்தைகளின் நாக்கில் பதிந்திருப்பது அந்தச் சுவைதான்: உப்புச் சற்றுத் தூக்கலாகவும், நூடுல்ஸ் நன்றாகக் குழைந்தும், துண்டு துண்டாகவும் இருக்கும். அதைத் தேடும் பிள்ளைக்கு நூடுல்ஸை ஒடித்துப் போட்டு இன்னும் ஒரு நிமிடம் கூடுதலாக வேகவைத்தால் போதும்.

இப்போது கோழி. நாட்டுக்கோழியா பிராய்லரா என்பதைவிட, கோழியின் வயது என்ன என்பதே சாற்றுக்கு முக்கியம். வயதான, ஓடித் திரிந்த கோழியின் மூட்டிலும் தோலிலும் தசைநாரிலும் கொலாஜன் என்ற புரதம் இறுகியிருக்கும். மெல்லிய சூட்டில் நீண்ட நேரம் கிடந்தால் அது ஜெலட்டினாக இளகித் தண்ணீரில் இறங்கும். குடிக்கும்போது உதட்டில் இலேசாக ஒட்டுகிற அந்தக் கனம் அதிலிருந்துதான் வருகிறது. மாவு கரைத்துக் கெட்டியாக்கினால் அந்தக் கனம் வராது. பிராய்லர் ஏறத்தாழ ஆறு வாரத்தில் இரண்டு கிலோ எடையை எட்டிவிடும் கோழி. கறி மிருது, சாறு இலேசு. நீங்கள் எடுத்த நெஞ்சுக்கறியிலோ எலும்பும் இல்லை, தோலும் இல்லை. அதனால்தான் சப்பென்று இருந்தது. கறிக்கடையில் விடைக்கோழி வேண்டாம், முற்றிய பெட்டைக்கோழி வேண்டும் என்று கேளுங்கள். நாட்டுக்கோழி என்று விற்பதில் பல, கிராமப்ரியா, வனராஜா போன்ற பண்ணை இனங்கள். சூப்புக்கு அவையும் குறையில்லை. முட்டையிட்டு ஓய்ந்த லேயர் கோழி கிடைத்தால் இன்னும் நல்லது. குழம்புக்கு அதன் கறி முரடு என்று பலர் ஒதுக்குவார்கள். சாற்றுக்கு அதைப்போல் ஒன்று கிடையாது, விலையும் குறைவு.

பிராய்லர்தான் கிடைக்கிறது என்றாலும் கவலை வேண்டாம். எலும்போடு ஒரு கிலோ எடுத்து, கூட அரைக் கிலோ கோழிக்காலும் கழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். காலைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்தால் மஞ்சள் தோல் உரிந்து வரும், நகத்தை நறுக்கிவிடுங்கள். காலில் இருப்பது பெரும்பாலும் தோலும் நரம்பும் எலும்பும்தான், அதனால் பிராய்லரில் குறையும் கனத்தை அது ஈடுகட்டிவிடும். ஈரலைச் சட்டியில் போடாதீர்கள். சாறு கலங்கும், கசப்பும் தட்டும். நம் கடைகளில் நாட்டுக்கோழியை நெருப்பில் வாட்டி மஞ்சள் தடவித் தருவார்கள். எனக்கு அந்தப் புகை மணம் மிகவும் பிடிக்கும். ஆனால் அந்தப் பழக்கமில்லாத பிள்ளைக்கு அது அந்நியமாகத் தெரியும் என்பதால், இந்த ஒருமுறை இலேசாக வாட்டினால் போதும், மஞ்சள் வேண்டாம் என்று சொல்லுங்கள். தோல் இருக்கட்டும். கழுவும்போது குழாயை வேகமாகத் திறந்துவிடாமல் ஒரு பாத்திரத்தில் நீர் நிறைத்து அதற்குள்ளேயே அலசுங்கள். பச்சைக் கோழியில் சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் போன்ற கிருமிகள் இருக்கலாம். தெறிக்கும் நீரில் அவை பக்கத்திலிருக்கும் காய்கறிக்குப் போய்விடும்.

ஒரு கிலோ கோழிக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர். உப்புத் தண்ணீர் வேண்டாம், நல்ல தண்ணீராக இருக்கட்டும்; போர்த் தண்ணீரின் உவர்ப்பு இரண்டு மணி நேரம் சுண்டினால் இன்னும் கூடும். பச்சைத் தண்ணீரிலேயே கோழியைப் போட்டு மெதுவாகச் சூடேற்றுங்கள். இரத்தத்திலும் கறியிலும் உள்ள கரையும் புரதங்கள் மெல்லக் கசிந்து, திரண்டு, சாம்பல் நிற நுரையாக மேலே வரும். முதல் இருபது நிமிடம் அடுப்பை விட்டு நகராமல் அதைக் கரண்டியால் எடுத்துக்கொண்டே இருங்கள். இந்தச் சமையலில் உழைப்பு என்றால் அது இவ்வளவுதான். நுரை அடங்கியதும் தீயைச் சிறிய பர்னருக்கு மாற்றி, ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி வந்து உடையும் அளவுக்குக் குறைத்து, மூடியைச் சற்றே விலக்கி வையுங்கள். தளதளவென்று கொதிக்கவே கூடாது. கொதித்தால், உருகிய கொழுப்பு நுண்துளிகளாகச் சிதறித் தண்ணீரோடு கலந்துவிடும். திரண்ட நுரையும் உடைந்து உள்ளே போய்விடும். அதன்பிறகு எத்தனை முறை வடிகட்டினாலும் சாறு தெளியாது. பிராய்லர் நாற்பது நிமிடத்தில் வெந்துவிடும். கறியைப் பிரித்தெடுத்துவிட்டு எலும்பையும் காலையும் மட்டும் இன்னும் ஒரு மணி நேரம் விடுங்கள். முற்றிய நாட்டுக்கோழிக்கு இரண்டு முதல் இரண்டரை மணி நேரம் ஆகும். தொடை மூட்டை இழுத்தால் கழன்று வரவேண்டும், அதுதான் அளவு. கறியை எடுத்து, ஆறியதும் நார் நாராகப் பிய்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

குக்கரே கூடாது என்று சொல்லும் கட்சி நான் இல்லை. அழுத்தத்தில் தண்ணீரின் சூடு 120 டிகிரி செல்சியஸ் அருகில் போவதால் கொலாஜன் விரைவில் இளகும். கெடுப்பது குக்கர் அல்ல, விசில். ஒவ்வொரு விசிலிலும் உள்ளே அழுத்தம் சட்டென்று இறங்கும். அந்தக் கணம் சாறு முழுதும் கொந்தளிக்கும். ஆகவே மூடாமலே வைத்து முதலில் நுரையை எடுத்துவிடுங்கள். பிறகு மூடி, முதல் விசில் வரும் நேரத்தில் தீயை மிகக் குறைத்து, மேற்கொண்டு விசில் வராதபடி நாட்டுக்கோழியை நாற்பது நிமிடம் வையுங்கள். அடுப்பை அணைத்த பின் வெயிட்டைத் தூக்காதீர்கள். அழுத்தம் தானாக இறங்கட்டும். இப்படி வைத்த குக்கர் சாறு, பொறுமையில்லாமல் திறந்த சட்டியில் கொதிக்கவிட்ட சாற்றைவிடத் தெளிவாக இருப்பதை வகுப்பில் பிள்ளைகளுக்கு அருகருகே வைத்துக் காட்டுவது வழக்கம்.

மணத்துக்கு அந்த ஊர் முறையில் பெரிய வெங்காயம், கேரட், செலரி மூன்றும் போகும். வெங்காயம் இரண்டு பங்கு என்றால் மற்றவை ஒவ்வொரு பங்கு. செலரி மதுரையில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் வருகிறது. கிடைக்காவிட்டால் மல்லித்தழையின் தடித்த தண்டுகளை ஒரு பிடி கட்டிப் போடுங்கள். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம், மணம் வேறு என்றாலும் அந்தப் பச்சை வாசம் ஓரளவு வந்துவிடும். தழையைச் சாற்றில் வேகவிடாதீர்கள். கேரட் கொடைக்கானல் கேரட்டாக இருந்தால் இனிப்பு நன்றாக இறங்கும். நான்கு பல் பூண்டு, அதிலும் 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு என்றால் இரண்டு பல்லே போதும். முழு மிளகு பத்துப் பன்னிரண்டு. இவற்றைக் கடைசி முக்கால் மணி நேரத்தில் போட்டால் போதும். முதலிலேயே போட்டால் காயின் சாரம் முழுதும் வெந்து ஓய்ந்து, புளித்த வாசம் வரும்.

இணையத்தில் பார்க்கும் செய்முறைகளில் பே இலை, தைம் என்று இரண்டு வாசனை இலைகள் வரும். பே இலைக்குப் பதில் நம் பிரிஞ்சி இலையைப் போடச் சொல்வார்கள், நான் சொல்லமாட்டேன். பிரிஞ்சி இலை பட்டையின் இனம், வாசம் பிரியாணிப் பக்கம் இழுத்துவிடும். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள், குறை தெரியாது. தைமுக்கு மாற்றோ உங்கள் வீட்டுத் தொட்டியிலேயே இருக்கும். அதன் மணத்துக்குக் காரணமான தைமால், கார்வக்ரால் என்ற எண்ணெய்ப்பொருள்கள் நம் கற்பூரவள்ளி இலையிலும் உண்டு. பாதி இலை, அதுவும் அடுப்பை அணைக்கப் பத்து நிமிடம் இருக்கையில் போட்டு எடுத்துவிடவேண்டும். ஒரு முழு இலை போட்டால் கஷாயம் ஆகிவிடும்.

நூடுல்ஸுக்கு வருவோம், கஞ்சியானது இங்கேதான். எந்த மாவுப்பண்டமும் வேகும்போது மேற்பரப்பின் மாவுச்சத்தைத் தண்ணீரில் விடும், உள்ளே தண்ணீரை உறிஞ்சி வீங்கும். சாற்றிலேயே வேகவைத்தால் சாறு குழம்பும், அளவும் குறையும். அரை மணி நேரம் வைத்திருந்தால் கரண்டி நிற்கும். உடனடி நூடுல்ஸில் இன்னொரு சிக்கல்: அது பெரும்பாலும் எண்ணெயில் பொரித்துக் காயவைத்தது. அந்த எண்ணெய் வாசமும் சாற்றில் இறங்கிவிடும். அமெரிக்க வீடுகளிலேயே சிலர் நூடுல்ஸைச் சாற்றில் வேகவைத்துச் சற்றுக் குழைவாகச் சாப்பிடுவார்கள். உடனே குடித்து முடிப்பதென்றால் அது அவரவர் விருப்பம். நான் எப்போதும் தனிச் சட்டியில், தாராளமான உப்புநீரில், பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னதாகவே எடுத்து வடித்துவிடுவேன். ஒரு கரண்டிச் சாறு விட்டுப் புரட்டி வைத்தால் ஒட்டாது. கிண்ணத்தில் நூடுல்ஸும் கறியும் முதலில், அதன்மேல் கொதிக்கக் கொதிக்கச் சாறு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

எந்த நூடுல்ஸ் என்றால், பொரிக்காத முட்டை நூடுல்ஸ் கிடைத்தால் அதுவே பொருத்தம். வறுத்த சேமியாவும் நன்றாக இருக்கும். ரவையில் செய்தது என்பதால் சீக்கிரம் குழையாது, வறுத்திருப்பதால் ஒட்டவும் ஒட்டாது. இடியாப்பத்தின் மேல் இந்தச் சாற்றை ஊற்றிச் சாப்பிடலாமா என்று யாராவது கேட்டால் தாராளமாக என்பேன், ஆனால் மாவை இழுத்துப் பிடித்து வைக்கும் குளூட்டன் என்ற புரதம் அரிசியில் கிடையாது. இரண்டு நிமிடத்தில் பிரிந்துவிடும் என்பதால் உடனே சாப்பிடவேண்டும்.

ஆனால் உங்களுக்கு நேரம் இருந்தால் வீட்டிலேயே செய்துபாருங்கள், அம்மா. சப்பாத்தி தேய்க்கத் தெரிந்த கைக்கு இது ஒன்றும் பெரிய வேலை இல்லை. மைதா 200 கிராம், முட்டை இரண்டு, நாட்டுக்கோழி முட்டை சிறியது என்பதால் அதில் மூன்று, கால் தேக்கரண்டி உப்பு. தண்ணீர் விடாமல் பத்து நிமிடம் அழுத்திப் பிசையுங்கள். சப்பாத்தி மாவைவிட இறுக்கமாக இருக்கும். மனம் தளர்ந்து தண்ணீர் தெளித்துவிடாதீர்கள். அரை மணி நேரம் மூடி வைத்தால் தானாக இளகும். மாவு தூவி எவ்வளவு மெல்லிதாக முடியுமோ அவ்வளவு மெல்லிதாகத் தேய்த்து, தளர்வாகச் சுருட்டி, கத்தியால் சிறு பட்டைகளாக நறுக்கி உதிர்த்துவிடுங்கள். கால் மணி நேரம் காற்றாடினால் போதும், கொதிநீரில் மூன்று நிமிடத்தில் வெந்துவிடும். சளியோடு சுருண்டு கிடக்கும் பிள்ளை, தான் நறுக்கிய நூடுல்ஸ் என்றால் எழுந்து உட்கார்ந்து சாப்பிடுவான்; நறுக்கும் வேலையை அவனிடம் கொடுங்கள்.

சாற்றை மெல்லிய துணியில் வடித்து, மேலே மிதக்கும் கொழுப்பில் முக்கால் பங்கை எடுத்துவிடுங்கள். முழுவதும் எடுத்தால் மணமும் போய்விடும். மணத்தைத் தாங்கி நிற்பது கொழுப்புதான். உப்பைக் கடைசியில்தான் போடவேண்டும், சுண்டும்போது கரித்துவிடக்கூடாது. ஒன்றரை லிட்டர் சாற்றுக்கு இரண்டு தேக்கரண்டியில் தொடங்கி ருசி பாருங்கள். உப்பு குறைவாக இருந்தால் எவ்வளவு நல்ல சாறும் வெந்நீராகவே தெரியும். உங்கள் சூப் சப்பென்று இருந்ததில் இதற்கும் பங்கு இருக்கலாம். சாப்பிடுவதற்கென்று தனியாகப் பொடியாக நறுக்கிய கேரட்டை வடித்த சாற்றில் பத்து நிமிடம் வேகவையுங்கள். மல்லித்தழை, இரண்டு சொட்டு எலுமிச்சை, பையன் தாங்கும் அளவு மிளகுத்தூள். அஜினோமோட்டோ தேவைப்படாது, கோழியிலேயே அந்தச் சுவையைத் தரும் குளூட்டமிக் அமிலமும் இனோசினிக் அமிலமும் இருக்கின்றன.

மருந்தா என்ற கேள்விக்குச் சமையல்காரனாகப் பதில் சொல்லும்போது எல்லையோடு நிற்கவேண்டும். உறுதியாகச் சொல்லக்கூடியது: சூடான திரவம் தொண்டைக்கு இதம், நீர்ச்சத்தும் உப்பும் உடலில் சேர்கின்றன, சாப்பாடு இறங்காத நேரத்தில் கொஞ்சம் புரதமும் போகிறது. அடுத்த படியில் இருப்பது ஆய்வுகள். 1978இல் அமெரிக்காவில் நலமாக இருந்த 15 பேரிடம் செய்த ஆய்வில், சூடான கோழி சூப் மூக்குச் சளி நகரும் வேகத்தைக் கூட்டியது, வெந்நீரும் கூட்டியது, அரை மணி நேரத்தில் அந்த விளைவு மறைந்துவிட்டது. 2000ஆம் ஆண்டில் நெப்ராஸ்காவில் ஸ்டீபன் ரென்னார்ட் குழுவினர், கோழி சூப் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களின் நகர்வை மட்டுப்படுத்துவதாகக் கண்டார்கள். அது ஆய்வுக்கூடத்தில் செல்களில் பார்த்தது, நோயாளிகளிடம் அல்ல. ஆகவே சூப் சளியைக் குணமாக்கும் என்று சொல்வதற்கு இவை போதாது. சளி இருக்கும் நாட்களை எளிதாக்கும் என்று சொல்ல என் அனுபவமும் இடம் தருகிறது. நாட்டுக்கோழிக்கு மருத்துவக் குணம் கூடுதல் என்பதும் இதே சந்தேகப் பட்டியலில்தான். ருசி கூடுதல் என்பதில் சந்தேகமே இல்லை. பிராய்லருக்கு வளர்ச்சி ஊசி போடுகிறார்கள் என்ற பேச்சை நம்பிப் பயப்படவும் வேண்டாம். அந்த வேகம் இனத்தேர்விலும் தீவனத்திலும் வருவது. கவலைப்படவேண்டியது ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டைப் பற்றி. அதனால்தான் கொலிஸ்டின் மருந்தைக் கோழி வளர்ப்பில் பயன்படுத்த 2019இல் மத்திய அரசு தடை விதித்தது. காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ சூப்பை வைத்துக் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

மிச்சச் சாற்றை அடுப்படியில் இரவு முழுதும் விடக்கூடாது. நம் ஊர் வெக்கையில், 32 டிகிரிக்கு மேல் இருக்கும் நாளில், ஒரு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குப் போய்விடவேண்டும். ஆழமான சட்டி ஆற நேரமாகும். மெதுவாக ஆறும் சாற்றில் க்ளாஸ்ட்ரிடியம் என்ற கிருமி பெருகும். சிறு பாத்திரங்களில் பிரித்து, தண்ணீர்த் தட்டத்தில் வைத்து ஆற்றி உள்ளே வையுங்கள். காலையில் அது கடற்பாசி போல் உறைந்து, மேலே வெள்ளை ஆடை கட்டியிருந்தால் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். ஜெலட்டின் நன்றாக இறங்கியிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம், சூடேறினால் இளகிவிடும். மூன்று நாள் வரை வைத்துக்கொள்ளலாம். வேண்டிய அளவை மட்டும் எடுத்து முழுதாக ஒரு கொதி வரச் சூடாக்குங்கள். நூடுல்ஸை மட்டும் ஒவ்வொரு வேளைக்கும் புதிதாக வேகவையுங்கள்.